தூக்க ஒரு ஆள்

தூக்கத்தான் என்னைக் கூப்பிட்டாள் இஷ்பெல்.
வேனும் என்னுடையது, முதுகும் என்னுடையது.
டிரம்ஸ் அடிப்பவனிடம் யார் கேட்பார்கள் அபிப்பிராயம்?

கிளாஸ்கோவில் ஒரு ஞாயிறு.
மழை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படும் மழை.
ரயில் பாலத்தின் வளைவுக்குள் டூகல்டின் கடை.
மேலே ரயில் போகும்போதெல்லாம்
கிட்டார்களின் கழுத்தில் விலைச்சீட்டுகள் ஆடின.
சுவரோரம் ஆம்ப்கள், வகுப்புப் புகைப்படத்துக்கு நிற்பவைபோல்,
உயரமானவை பின்னால்.

அவளுடைய பழையது வெள்ளிக்கிழமை செத்துப்போனது,
இரண்டாவது பாட்டின் நடுவில், கருகிய டோஸ்ட் வாசனையோடு.

டூகல்டு முதலில் காட்டியது வால்வு ஆம்ப்.
அது மட்டும் நாற்பத்தோரு கிலோ; ஸ்பீக்கர் பெட்டி வேறு.
சூடேறட்டும் என்றான். காத்திருந்தோம்,
அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பதுபோல்.
பிறகு தடித்த தந்தியை ஒரே ஒரு முறை தொட்டாள்.
என் கால்சட்டை அசைந்தது. காற்று இல்லை.
மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எத்தனை படி?" என்றான் டூகல்டு.
அறுபத்து நான்கு. மூன்றாம் மாடி.
இரண்டாவது திருப்பத்தில் யாரோ பூட்டிவைத்த சைக்கிள்.
ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் ஆட்களைக்
கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்றுகிறவள் இஷ்பெல்.
எடை என்றால் அவளுக்கு எண் இல்லை,
முதுகில் கீழிருந்து நாலாவது எலும்பு.

அடுத்தது சாப்பாட்டு டப்பா அளவு.
மூன்று கிலோ, ஐந்நூறு வாட்ஸ்.
ஒற்றைக் கையில் தூக்கி நான் சிரித்தேன்.
ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது,
அப்போதுதான் பல் தேய்த்துவிட்டு வந்த வாய்போல.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
அவள் சொல்லவும் இல்லை.
வால்யூமை மெல்லக் குறைத்து வைத்தாள்.

மூலையில் ஒன்று இருந்தது.
ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில், பதினைந்து அங்குலம்.
தலையில் யாரோ வைத்த பீர் குவளையின் வட்டம்.
நாலு சக்கரத்தில் ஒன்று இல்லை.
"அது விற்பனைக்கா?"
"கேட்டால்" என்றான்.

அப்போதுதான் கிட்டாரை என் கழுத்தில் மாட்டினாள்.
"இந்தத் தந்தி. விரலால். நீ மிதிக்கிற அதே வேகத்தில்.
நான் கையைக் காட்டினால் இவன் ஆம்பை மாற்றுவான்."
கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

கண்ணாடிக்கு அப்பால், சாலையின் எதிர்ப்பக்கம்,
பஸ் நிறுத்தத்தில் கண்ணை மூடி நின்றாள்.
பக்கத்தில் ஒருவர் பொட்டலத்திலிருந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார்.
வாசித்தேன். கை அசைந்தது.
வாசித்தேன். கை அசைந்தது.
மூன்றாவதில் மேலே ரயில் வந்தது, நான் நிறுத்தவில்லை.
அவள் கை அசையவில்லை. தலை அசைந்தது,
ரயிலுக்கு அல்ல, எனக்கு.
மீன் தின்றவரின் காலும் அசைந்ததாக ஞாபகம்;
அதை நீங்கள் நம்ப வேண்டாம்.

வேனில் கேட்டேன், எதற்கு அந்த நாடகம்?
வைப்பர் நாலு தடவை போய் வந்தது.
"வெள்ளிக்கிழமை என்னுடையது கருகியதும் வெளியே வந்து நின்றேன்.
நீங்கள் நிறுத்தவில்லை.
சுவரைத் தாண்டி லாக்லனின் குரல் வரவில்லை.
அவன் கிட்டார் வரவில்லை.
உன் பெரிய டிரம் மட்டும் வந்தது,
ஒற்றைக் காலில் யாரோ நடந்துபோவதுபோல்."

நான் கியர் மாற்றினேன், மாற்றத் தேவையில்லாத இடத்தில்.

முந்நூற்றுப் பத்து பவுண்டு. இருபத்தெட்டு கிலோ.
ஐந்து தடவை இறக்கி வைத்தோம்.
சைக்கிள் இருந்த திருப்பத்தில் ஒரு கதவு திறந்து
ஃபிரிட்ஜா என்று கேட்டது.
ஆமாம் என்றாள் இஷ்பெல்.

மேலே, சோபாவுக்குப் பின்னால் குனிந்து பிளக் தேடினேன்.
செருகிவிட்டு நிமிர்ந்தபோது
பீர் வட்டத்துக்குள் கன்னத்தை வைத்து
அவள் தூங்கிவிட்டிருந்தாள்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு
அணைத்தேன்.